தலையில் மட்டும் தேய்ந்த படை

அத்தியாயம் ஐந்து

எனக்கு மேடம் மேல் பொறாமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் பொறாமைப்படாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. நான் மட்டும் யோக்கியன் மாதிரி ஓரமாக நின்று கதை சொன்னால் நன்றாக இருக்காது. வண்டி ஓட்டுவது நான். மதில் ஏறிக் குதிப்பது நான். நாய் துரத்தினால் ஓடுவதும் நான்தான். கடைசியில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுவது அவரை. எனக்குக் கிடைப்பது, "வாலு, வண்டியை எடு."

வாலு என்பது என் பட்டப்பெயர். சேட்டையால் வந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். மேடம் பின்னாலேயே போவதால் வந்தது என்று ஊரில் பேச்சு.

மேடம் இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வருமுன் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். இடிபட்ட கார், எரிந்த குடோன், நனைந்த துணி மூட்டை என்று எதைக் காட்டினாலும், அது தானாக நடந்ததா, ஆள் வைத்து நடந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வயிற்றெரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறேன்.

அன்று காலை நாங்கள் போன மாடி வீட்டு வாசலில் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் ஒருவர் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணே சுவர்?" என்றேன்.

"வீட்டுக்குள்ள இருக்கற மாடிப்படிக்குக் குறுக்க. மாடிக்குத்தான் வெளிப்பக்கமா வேற படி இருக்கே. கீழ அக்கா குடும்பம், மேல தங்கச்சி குடும்பம். இனிமே ரெண்டும் பாத்துக்கக் கூடாதாம். மாடிக்காரருக்குக் கோவம்."

"எதுக்குக் கோவம்?"

"ஏதோ பொம்மைக்குப் பெயின்ட் போயிடுச்சாம்" என்றார் கொத்தனார், நான் சிரிப்பேனா என்று பார்த்துக்கொண்டே.

நான் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை.

மாடியில் கதவைத் திறந்தது அந்தத் தங்கை. இளைத்த முகம், நீல ஃப்ரேம் மூக்குக்கண்ணாடி. உள்ளே விடுமுன் கதவோரம் இருந்த பாட்டிலை எடுத்து எங்கள் கையில் சானிடைசரை அமுக்கினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. நான் ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கேன். கை சுத்தம் இல்லாம எதையும் தொட்டுப் பழக்கமில்ல."

என் உள்ளங்கை ஈரத்தோடு ஆஸ்பத்திரி போல மணத்தது. தேய்த்துக்கொண்டே உள்ளே போனேன். அவள் பாட்டிலையும் கையோடு எடுத்து வந்து மேஜையோரம் வைத்தாள்.

எங்களைக் கூப்பிட்டவர் அவள் கணவர். பல் செட் செய்கிற டெக்னீஷியன். பகலெல்லாம் அடுத்தவர்களுக்குப் பல் வரிசை செய்பவர், இப்போது தன் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அறையில் பச்சைத் துணி விரித்த பெரிய மேஜை, விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, ஊசி மாதிரி பிரஷ்கள். சுவரோரம் கண்ணாடி அலமாரி. மேல் தட்டில் நீலச் சட்டை போட்ட குட்டிச் சிப்பாய்கள், கீழ்த் தட்டில் சிவப்புச் சட்டைக்காரர்கள். ஒவ்வொருவனும் கட்டைவிரல் உயரம்.

"மேஜைப் போர் விளையாட்டு மேடம்" என்றார் பல்காரர். "தாயக்கட்டை உருட்டி, டேப் வெச்சு அளந்து, படையை நகர்த்துவோம். வாரா வாரம் கிளப்ல ஆடறோம். நாளைக்கு வருஷப் போட்டி. யார் படை அழகா பெயின்ட் பண்ணியிருக்குன்னு தனியா ஒரு கோப்பை உண்டு. அது எனக்கு வரவேண்டியது."

"போன வருஷம் யாருக்கு வந்தது?" என்றார் மேடம்.

பல்காரரின் முகம் சுருங்கியது. "என் சகலைக்கு. கீழ் வீட்டுக்காரன். காருக்குப் பெயின்ட் அடிக்கறவன். அவன் கோப்பை வாங்கினப்ப போட்டோ எடுத்ததே நான்தான். 'சிரி சகலை, சிரி'ன்னு என்னைப் பாத்துச் சொல்றான். போட்டோ எடுக்கறவனை யாராவது சிரிக்கச் சொல்வாங்களா?"

"போட்டோ எப்படி வந்தது?"

"கோப்பை பாதிதான் விழுந்துது" என்றார் பல்காரர், கொஞ்சம் திருப்தியாக.

பிறகு ஒரு நீலச் சிப்பாயை எடுத்துக் காட்டினார். எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். சிப்பாய் நிற்கிற வட்டப் பீடத்தை மட்டும் இரு பக்கமும் நகத்தால் பிடித்து, ஏதோ பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கினார். சிப்பாயின் தொப்பி, நெற்றி, தோளின் மேல்பகுதி எல்லாம் சாயம் போய்ச் சாம்பல் நிறத்தில் பல்லிளித்தன. இடுப்புக்குக் கீழே புத்தம் புதுசு.

"எவ்வளவு பாதுகாப்பா வெச்சிருந்தேன் தெரியுமா! வெயில் பட்டா வெளுக்கும்னு ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. தூசிக்குக் கண்ணாடிக் கதவு. கீழ விழாம இருக்க ஒவ்வொருத்தன் பாதத்துக்கு அடியிலயும் காந்தம், தட்டெல்லாம் இரும்புத் தகடு. வெளியில எடுத்துட்டுப் போக ஸ்பாஞ்சுல குழி வெட்டின பெட்டி. பீடத்தைத் தவிர வேற எங்கயும் விரல் படக் கூடாதுன்னு வீட்டுல சட்டமே போட்டிருக்கேன். இவ்வளவுக்கும் அப்புறம் இப்படி! இது அவன் வேலைதான். தண்ணி மோட்டார் சுவிட்ச் இந்த ரூம்லதான் இருக்கு. மோட்டார் போடறேன்னு நான் இல்லாதப்பல்லாம் மேல வர்றான்."

வாசற்படியில் நின்ற மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். "மாமா அப்படிப்பட்டவர் இல்லைங்க" என்றாள் கடைசியில்.

"நீ உங்க அக்கா வீட்டுக்கு வக்காலத்து வாங்காதே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். செங்கல் அடுக்குகிற சத்தம் கீழிருந்து கேட்டது. அந்தச் சுவர் எழும்பினால் யார் நஷ்டப்படப் போகிறார்கள் என்பது எனக்குக்கூடப் புரிந்தது. சகலைகள் இருவரும் கிளப்பில் முறைத்துக்கொண்டாவது பார்த்துக்கொள்வார்கள். அக்காவும் தங்கையும்தான் செங்கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்க வேண்டும்.

மேடம் சிப்பாயை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சேதம் இல்லை" என்றார்.

"என்னது?"

"தேய்மானம். என் பழைய வேலையில இது ரெண்டுக்கும் நடுவுலதான் பாதிச் சண்டை நடக்கும். கெடுக்கணும்னு வர்றவன் கத்தியால கீறுவான், கால்ல போட்டு மிதிப்பான், ஒரே தடவையில வேலையை முடிச்சிட்டுப் போவான். இது கொஞ்சம் கொஞ்சமா, விரல் பட்டுப் பட்டுப் போன மாதிரி இருக்கு. யாரோ ரொம்ப நாளா இதைத் தொட்டுட்டு இருக்காங்க. சரி, சிவப்புப் படையைக் காட்டுங்க."

"சிவப்பு எதுக்கு? அது சும்மா பழகறதுக்கு. போட்டிக்குப் போறது நீலம்தான்."

"அதனாலதான் கேக்கறேன்."

பல்காரர் வேண்டாவெறுப்பாகக் கீழ்த் தட்டைத் திறந்தார். சிவப்புச் சட்டைக்காரர்களுக்கும் தலை தேய்ந்திருந்தது. மனிதர் ஆடிப்போய்விட்டார். தன் வீட்டு அலமாரியில் கீழ்த் தட்டை இத்தனை நாளாக அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"கோப்பைக்காக வயிறெரியற ஆள் நீலத்தைக் கெடுப்பான். பழகற சிவப்பை எதுக்குத் தொடணும்?" என்றார் மேடம். "வாலு, ரெண்டு தட்டுலயும் எவன் அதிகமா தேஞ்சிருக்கான்னு பாரு."

பார்த்தேன். குதிரை வீரர்களுக்குத் தலையே வழுக்கை. தளபதிகளுக்கு மீசையைக் காணோம். பின்வரிசையில் ஈட்டி பிடித்து நிற்கும் கும்பல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஓடற வேலை செய்யறவன்தான் மேடம் எங்கயும் தேயறான். என்னை மாதிரி" என்றேன்.

"ரொம்பச் சரி. நீ புலம்பறதுலகூட ஒரு விஷயம் இருக்கு. ஆட்டத்துல அதிகமா நகர்றது குதிரையும் தளபதியும்தான். யாரோ இதை வெச்சு ஆடியிருக்காங்க. ரெண்டு பக்கமும்."

பாருங்கள், சொன்னது நான். அதைக் கண்டுபிடித்தவர் அவராகிவிட்டார். கடுப்பில் நான் சானிடைசர் பாட்டிலை ஒரு அமுக்கு அமுக்கி, ஈரம் காயுமுன்பே ஒரு நீலக் குதிரைக்காரனைக் கையில் எடுத்தேன்.

"பீடத்தைப் பிடிய்யா, பீடத்தை!" என்று பல்காரர் அலறினார்.

அலறலில் சிப்பாய் கையிலிருந்து நழுவ, அவன் முதுகை இறுக்கிப் பிடித்துவிட்டேன். மேஜையில் வைத்துவிட்டு விரலைப் பார்த்தால், கட்டைவிரல் நுனி நீலம்.

"ஐயோ! இன்னொருத்தனையும் கொன்னுட்டான்!" பல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் மேடத்தின் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. அது வந்தால் முடிச்சு அவிழ்கிறது என்று அர்த்தம். என் விரலைப் பிடித்து மோந்து பார்த்தார்.

"சார், பெயின்ட் சரியா வரலைன்னா பழசை எடுக்க நீங்க எதுல ஊறப்போடுவீங்க?"

"ஸ்பிரிட்லதான். கொஞ்ச நேரத்துல கரைஞ்சு வந்துடும்."

"இந்தச் சானிடைசர்ல என்ன இருக்கு?" மேடம் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

அவள் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தாள். "ஸ்பிரிட்தான்" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

பல்காரர் துள்ளிக் குதித்தார். "மாட்டினான்! மேல வர்றப்பல்லாம் அவன் கையிலயும் இதைத்தானே அடிக்கறா! கொத்தனாரே, கலவையைக் குழைங்க!"

இந்தக் கூச்சலில் படியேறி வந்து நின்றார் சகலை. ஆள் நல்ல ஆகிருதி. சட்டையில் அரைடஜன் கார்களின் நிறம். கையில் ஒரு தகர டப்பா.

"யாரைய்யா மாட்டினான்னு சொல்றே? பட்டறைக்குக்கூடப் போகாம உன் கூத்தைத்தான் கேட்டுட்டு இருக்கேன்" என்றவர் மேடத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். ஆனால் பந்தாவைத் தணிக்கவில்லை. டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே அவருடைய தங்க நிறச் சிப்பாய் ஒருவன், நாலைந்து நட்டு போல்ட்டுகளோடு கிடந்தான். மூடி, மடமடவென்று குலுக்கி, மறுபடி திறந்தார். சிப்பாயின் மேல் ஒரு கீறல் இல்லை.

"எப்படி?" என்றேன், வாயைப் பிளந்து.

"கிளியர் கோட் தம்பி. பெயின்ட் காஞ்சதும் முதல்ல பளபளப்பு வார்னிஷ் ரெண்டு கை. கல்லு மாதிரி இறுகிடும். அது மேல மங்கல் வார்னிஷ் ஒரு கை, பளபளப்புத் தெரியாம இருக்கறதுக்கு. இவன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். 'பொம்மைக்குக் கார் வார்னிஷா'ன்னு கேலி பண்ணினான். என் மேல இருக்கற எரிச்சல்ல வெறும் மங்கலை மட்டும் பனி மாதிரி பூசி வெச்சிருக்கான். படையை அம்மணமா நிக்க வெச்சிட்டு என்னைத் திருடன்னு சொல்றான்!"

"நீ சொன்ன விதம் அப்படி! கோப்பையைக் கையில வெச்சுக்கிட்டுச் சொன்னா எவன் கேப்பான்?" என்றார் பல்காரர்.

"கேட்டிருந்தா கொஞ்சமாவது தாங்கியிருக்கும்ல?"

பல்காரர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரே நிமிடம்தான். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஸ்பிரிட் கையோட தொட்டவன் நீதான்!"

"நிறுத்துங்க" என்றார் மேடம். "சின்ன வேலை. மூணு பேரும் ஆளுக்கொரு சிப்பாயை அலமாரியில இருந்து எடுத்து மேஜையில வைங்க. அப்புறம் சுவர் எழுப்பறதா வேண்டாமான்னு பேசலாம்."

பல்காரர் பீடத்தை நகத்தால் பிடித்து எடுத்து வைத்தார். சகலையும் கடுகடுவென்று முணுமுணுத்தபடி பீடத்தைத்தான் பிடித்தார். "ஈரப் பெயின்ட்டுல விரல் வெச்சா என் முதலாளி அறைவார். இது கைப்பழக்கம்" என்றார்.

அடுத்தது மனைவி. அவள் வலக்கை தானாகச் சானிடைசர் பாட்டில் பக்கம் போனது. பாதி வழியில், சுட்டுக்கொண்ட மாதிரி நின்றது. அதை நான் பார்த்தேன், மேடமும் பார்த்தார். பிறகு அவள் அலமாரிக்குள் கை விட்டு, இரண்டு விரலால் ஒரு சிவப்புத் தளபதியை மேலிருந்து, தலையைப் பிடித்துத் தூக்கினாள். ஆடாமல் அசங்காமல் மேஜைக்குக் கொண்டுவந்து, நேராக நிறுத்தி, முகம் தன்னைப் பார்க்கும்படி லேசாகத் திருப்பி வைத்தாள்.

பல்காரர் அவள் விரல்களையும் தளபதியின் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லேப்ல ரத்தம் இருக்கற ட்யூபை எப்படி எடுப்பீங்கம்மா?" என்றார் மேடம் மெதுவாக.

"ஸ்டாண்டுல இருந்து மூடியைப் பிடிச்சுத்தான் எடுக்க முடியும்" என்றாள். "லேபிள் நம்ம பக்கம் பாக்கற மாதிரி திருப்பி வைப்போம்." சொல்லும்போதே தன் விரல்களைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "நான் கை சுத்தம் பண்ணிட்டுத்தான் தொட்டேன் மேடம். ஒவ்வொரு தடவையும். அவர் பொருளாச்சே, அழுக்குப் படக் கூடாதுன்னு..."

"நீயா?" பல்காரரின் குரல் எழும்பவே இல்லை.

"சாயம் போறதை நானும் பாத்தேன். பழசாச்சு, அதான்னு நெனச்சேன். நீங்க மாமாவைச் சொன்னதும் பயந்துட்டேன். நான் தொட்டேன்னு சொன்னா, என்னாலதான்னு சொல்லிடுவீங்க. நான்தான் அவ்வளவு சுத்தமா தொட்டேனே, என்னால எப்படிப் போகும்னு எனக்குள்ளயே சொல்லிக்கிட்டேன்."

"எதுக்குத் தொட்ட? எதுக்கு?"

அவள் நிமிர்ந்தாள். இத்தனை நேரம் வாசற்படியில் நின்ற பெண் வேறு, இவள் வேறு.

"எதுக்கா? தினமும் வேலை முடிஞ்சு வந்ததுல இருந்து பூதக்கண்ணாடி வெச்சு இதுங்க கண்ணையே பாத்துட்டு இருக்கீங்க. இதுங்களுக்குப் புருவம் எழுதறீங்க. எனக்கும் சொல்லிக் குடுங்கன்னு ஒருநாள் கேட்டேன். 'இது உனக்கு வராது'ன்னு சிரிச்சீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. ஒரு மண் பொம்மை மேல பொறாமைப்படறோமேன்னு அசிங்கமாவும் இருந்துது."

"மண் இல்ல, ரெசின்" என்றார் பல்காரர், பழக்கதோஷத்தில்.

"வாயை மூடு சகலை" என்றார் சகலை.

"நீங்க பழகறதை வாசப்படியில நின்னு பாத்து, மத்தியானம் டியூட்டி முடிஞ்சு வந்து நானே கத்துக்கிட்டேன். ரெண்டு பக்கமும் நானே ஆடினேன். நீலத்தை உங்களை மாதிரி ஆடுவேன், சிவப்பை என்னை மாதிரி. என்னைக்காவது எதிர்ல உக்காந்து ஆடலாம்னு." அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இந்த ஃப்ரேமைப் பாருங்க. மாத்தி ரொம்ப நாளாச்சு. என்ன கலர்?"

பல்காரர் பார்த்தார். பிறகு மேஜையில் நின்ற நீலச் சிப்பாயைப் பார்த்தார். மறுபடி ஃப்ரேமைப் பார்த்தார். எந்தச் சாயத்தில் எந்தச் சாயத்தைக் கலந்தால் அந்த நீலம் வரும் என்று இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"உங்க படையோட நீலம்" என்றாள் அவள். "ஒரு சிப்பாயைக் கைக்குட்டையில சுத்திக் கடைக்கு எடுத்துட்டுப் போய், பக்கத்துல வெச்சுப் பாத்து வாங்கினேன். உங்க கண்ணுக்காவது தெரியும்னு நெனச்சேன்."

பல்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது.

"நான் குருடன்" என்றார் கடைசியில். பிறகு சகலையின் தகர டப்பாவைப் பார்த்தார். "சகலை. அந்த வார்னிஷ்... கீழ இருக்கா?"

போன வருஷக் கோப்பையைப் பறிகொடுத்ததைவிட இதைக் கேட்க அவர் அதிகம் கஷ்டப்பட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. சகலைக்கும் தெரிந்தது. அதிசயமாக அவர் பந்தா எதுவும் பண்ணவில்லை.

"இருக்கு. ஆனா தேஞ்ச தலைக்கெல்லாம் நாளைக்குள்ள பெயின்ட் பண்ண முடியாது சகலை."

"போட்டி அடுத்த வருஷமும் வரும்." பல்காரர் மனைவி பக்கம் திரும்பினார். கேட்கலாமா வேண்டாமா என்று தவித்தார். கேட்டேவிட்டார். "ரெண்டு பக்கமும் நீயே ஆடினியே... யார் ஜெயிச்சா?"

"முதல்ல எல்லாம் நீலம்தான்."

"பாத்தியா!"

"இப்பல்லாம் சிவப்புதான்" என்றாள் அவள். "உங்க ஆட்டம் எனக்கு அத்துப்படி ஆயிடுச்சு. எப்பவும் குதிரையை இடது பக்கமா அனுப்புவீங்க."

பல்காரரின் காதில் புகை வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "உக்காரு. இப்பவே ஆடிப் பாத்துடலாம்."

"மேஜையில மேடு பள்ளமே இல்லையே, படை எங்க ஒளியும்?" என்றாள் அவள்.

சகலை படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "கொத்தனாரே, ஒரு பத்துச் செங்கல்லை மேல கொண்டாங்க!"

கொத்தனார் செங்கல்லைச் சுமந்துகொண்டு வந்து, சுவர் எங்கே என்று பார்த்தார். பச்சைத் துணி மேல் அடுக்கச் சொன்னதும் என்னைத்தான் முறைத்தார். அவர் பின்னாலேயே அக்காவும் படியேறி வந்துவிட்டாள். தங்கை தோளில் ஒரு அடி வைத்து, "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அதோடு அவள் கோபம் முடிந்தது.

சானிடைசர் பாட்டில் அறைக்கு வெளியே போனது. எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, ஈரம் காய்ந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. அவள் பீடத்தைப் பிடித்து எடுக்கப் பழகச் சிரமப்பட்டாள். விரல் தலைக்கே போனது. பல்காரர் ஒவ்வொரு முறையும் பதறினார், ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்றாவது சுற்றில் தன் குதிரைகளை இடது பக்கமாக அனுப்பினார். செங்கல் மேட்டுக்குப் பின்னால் சிவப்புப் படை காத்துக்கொண்டிருந்தது.

சகலை போனை எடுத்தார். "எல்லாரும் இங்க பாருங்க. தங்கச்சி, நீ நடுவுல நில்லு. சிரி சகலை, சிரி."

பல்காரர் சிரித்தார். அன்று அந்த அறையில் அவ்வளவு பொறாமையோடு யாரும் சிரித்திருக்க முடியாது.

நான் அதை ரசித்துக்கொண்டிருந்தபோது, அவள் வந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். மேடம் என் நீல விரலைத் தூக்கிக் காட்டினார்.

"நன்றியை இவனுக்குச் சொல்லும்மா. பிடிக்கக் கூடாத இடத்துல இவன் பிடிச்சதாலதான் எனக்கே வெளிச்சம் வந்தது."

நான் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். இவ்வளவு நாள் பொத்திப் பொத்தி வளர்த்த பொறாமையை ஒரே நிமிடத்தில் கரைத்துவிட்டால் நான் எதை வைத்துக்கொண்டு பிழைப்பது?

"வாலு" என்றார் மேடம், செருப்பை மாட்டிக்கொண்டே. "வண்டியை எடு."

அப்பாடா என்று இருந்தது.